ரத்னாபாயின் டி டிரைவ்

ரத்னாபாய்க்கு யாரையும் பிடிக்காது என்று பிரஸ்ஸில் பேச்சு. அது முழுக்கச் சரியில்லை. பிடிக்காதவர்களிலும் அவள் ஒரு வரிசை வைத்திருந்தாள். முதலிடம் முதலாளி ஐயப்பனுக்கு. அடுத்தது எதிர்ச் சந்தில் பிரஸ் நடத்தும் ஹரிகுமார். அவளை வேலைக்குக் கூப்பிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, கடைசிவரை கூப்பிடாதவன். மூன்றாவது, ஓணத்துக்கு முன்னால் பிரஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்த திவ்யலட்சுமி. நான்காவது இடத்தில் அவள் தன்னையே வைத்திருந்தாள். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள், கேட்ட கேள்விக்கு ‘எங்கியாவது வை’ என்று அவள் பதில் சொல்லிவிட்டாள்.

பாறசாலையிலிருந்து காலை ரயிலில் வந்து திருவனந்தபுரத்துத் தம்பானூரில் இறங்குவாள். லாட்ஜுகளின் பின்பக்கம், துவைத்த படுக்கை விரிப்புகள் தொங்கும் சந்தில் பிரஸ். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், சபை அசன விருந்து நோட்டீஸ், சாவு போஸ்டர். தமிழிலும் மலையாளத்திலும் அவள்தான் அடிப்பாள். ஐயப்பனின் அப்பா காலத்தில் வேலைக்கு வந்தவள். அப்போது ஐயப்பன் பள்ளிக்கூடப் பையோடு வந்து ‘ரத்னக்கா’ என்று கூப்பிட்டு அவளுடைய டப்பாவிலிருந்து கிழங்கு எடுத்துத் தின்பான். அப்பா செத்து அவன் நாற்காலியில் உட்கார்ந்த வாரமே அவள் ரத்னாபாய் ஆகிவிட்டாள். அவளும் ‘தம்பி’யை விட்டுவிட்டு ‘மொதலாளி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதை அவள் சொல்லும் விதத்தில் மரியாதை இருந்தது என்று யாரும் நினைக்கவில்லை.

அவள் அடிப்பது பழைய சாப்ட்வேரில். பழைய விண்டோஸில் மட்டும்தான் அது ஓடும். புதிய சாப்ட்வேரில் அந்தத் தமிழ் எழுத்துகளைப் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடிவிடும். பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து நின்றது. சர்வீஸுக்கு வரும் அனூப் அதைத் திறந்து பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, இனி இதற்குப் பார்ட்ஸ் கிடையாது என்றான். புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் பழையதை ஏற்றினான்.

“சேச்சி, இது விர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர். பழசு அப்படியே உள்ள இருக்கும். உங்க ஃபாண்ட், உங்க ஃபைல் எல்லாம்.”

“அப்ப அதுக்குள்ள இன்னொரு ரத்னாபாயும் உண்டுமா?”

“அத மொதலாளி வெளிய தேடிட்டிருக்காரு.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த மெஷினின் ஃபைல்களை எங்கே வைப்பது என்று கேட்டது. ஓர் இடத்தை அதுவே எழுதியும் வைத்திருந்தது.

“சி-யில வைக்கட்டா, டி-யில வைக்கட்டா சேச்சி? சி நல்ல ஸ்பீடு, பட்சே எடம் கொறவு. டி-யில எடம் தாராளம், கொஞ்சம் மெல்ல ஓடும்.”

ரத்னாபாய் பையை மூடிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். “எங்கியாவது வையிடே. எனக்கு வண்டி போவும்.”

அவன் திரை எழுதிக் காட்டிய இடத்திலேயே வைத்தான். அது சி.

வைத்த அளவில் அடங்கிக் கிடக்கும் சாதி ஃபைல் அல்ல அது. உள்ளே வேலை ஏற ஏற வெளியே ஊதிக்கொண்டே வந்தது. சி டிரைவின் பட்டை நீலத்திலிருந்து சிவப்பானதை ரத்னாபாய் பார்த்தாள். சிவப்பு என்றால் என்ன என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கல்யாணக் கார்டு பாதியில் இருக்கும்போது எல்லாம் உறைந்து நின்றது. மவுஸ் அசைந்தது, மற்ற எதுவும் அசையவில்லை. பெண்ணின் அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். கார்டு அன்றே ஹரிகுமாரின் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது.

ஐயப்பன் தன் கேபினிலிருந்து வெளியே வந்தான். பாதி பிளைவுட், பாதி கண்ணாடி. அப்பா செத்த பிறகு அவன் கட்டிய கேபின் அது.

“எங்க வைக்கணும்னு அது கேட்டப்ப யாரு பதில் சொன்னா?”

அனூப் ரத்னாபாயைப் பார்த்தான். “சேச்சிதான்... எங்கியாவதுன்னு.”

“எங்கியாவது!” ஐயப்பன் அந்தச் சொல்லை வாயில் வைத்துச் சவைத்தான். “ரத்னாபாய், இது என்ன, ரயில்ல பை வைக்கிற எடமா?”

மறுநாள் அவன் ஒரு வெளி டிஸ்க் வாங்கி வந்தான். உள்ளங்கை அளவு, கறுப்பு. விர்ச்சுவல் மெஷின் முழுவதையும் அனூப் அதற்கு மாற்றினான். காலையில் டிஸ்க்கை ஐயப்பன் கொண்டு வருவான். அவள் கம்ப்யூட்டரில் அவனே செருகுவான். சாயந்திரம் அவனே பிடுங்கித் தோல்பையில் போட்டுக் கரமனை வீட்டுக்குக் கொண்டு போவான்.

“டி சும்மா கெடக்குல்லா மொதலாளி. அதுல வச்சா என்ன?”

“டி-யில வச்சா அது உங்ககிட்ட இருக்கும்.”

அவன் டிஸ்க்கைத் தோல்பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

“டிஸ்க்குல வச்சா என்கிட்ட இருக்கும். அது மதி, அது போதும்.”

ஒளிவு மறைவில்லாத பேச்சு. டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகலாம். திவ்யலட்சுமியின் கம்ப்யூட்டர் பக்கத்து மேசையில் இருந்தது. இத்தனை வருடத்துக் கார்டும் போஸ்டரும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள். இனி வேண்டியது விரல்கள் மட்டும். அதற்கும் வழி கண்டான். ரத்னாபாய் அடிக்கும்போது அவள் கையை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லி திவ்யலட்சுமியை ஏவினான். கீபோர்டில் எழுதியிருப்பது ஒன்று, அதை அமுக்கினால் விழுவது வேறொன்று. எதை அமுக்கினால் எது விழும் என்பது அந்த வீடியோவில் தெரிந்துவிட்டால், நாற்காலி கைமாறும். ரத்னாபாய்க்கு வேறு போக்கிடம் கிடையாது. ஹரிகுமார் எல்லாவற்றையும் புதிய சாப்ட்வேரில் செய்பவன். அவனுக்கு இவள் விரல்கள் எதற்கு?

திவ்யலட்சுமி ஃபோனை நீட்டும்போதெல்லாம் ரத்னாபாய் சேலைத் தலைப்பைக் கீபோர்டின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அடித்தாள்.

“அக்கா, ஒண்ணும் காணல.”

“எனக்கும் காணலதான். நான் அடிக்கேன்லா.”

“மொதலாளி சொன்னதுகொண்டுதான் எடுக்கேன் அக்கா. எனக்கு இதில எந்தா இருக்கு?”

“ஒனக்கு நாற்காலி இருக்கு பிள்ளே.”

நவராத்திரி வந்தது. துர்காஷ்டமி மாலையில் புத்தகத்தையும் தொழில் கருவியையும் பூஜைக்கு வைப்பார்கள். வைத்தால் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. படிக்கவோ எழுதவோ கூடாது. திருவனந்தபுரத்தில் சின்னப் பிள்ளைகள் அந்த நாட்களுக்காகவே காத்திருக்கும். ஐயப்பனின் அப்பா ஒரு கட்டுப் பேப்பரையும் கத்திரிக்கோலையும் வைப்பார். ஐயப்பன் இந்த வருடம் டிஸ்க்கை வைப்பதாகச் சொன்னான். “தொழிலே இதுக்குள்ளதானே இருக்கு.”

அஷ்டமியன்று மதியம் அவன் அவல், பொரி, மலர் வாங்கச் சாலை பஜாருக்குப் போனான். ரத்னாபாய் உள்ளே ஓடிய பழைய விண்டோஸை மூடினாள். டிஸ்க்கைத் திறந்தாள். அனூப் மாற்றும்போது அவள் பார்த்திருந்தாள். ஒரே ஒரு ஃபோல்டர்தான். அதைப் பிடித்து டி-யில் போட்டாள். பச்சைக் கோடு எறும்புபோல நகர்ந்தது. ஹரிகுமாருக்குக் கொடுக்க அல்ல. தன்னைக் கேட்காமல் எடுத்துப் போகிறவனிடமிருந்து, அவன் அறியாமல் ஒன்றை எடுத்து வைப்பதில் வயிற்றுக்கு ஒரு குளிர்ச்சி. அவ்வளவுதான்.

திவ்யலட்சுமி எட்டிப் பார்த்தாள். “எந்தா அக்கா காப்பி பண்றீங்க?”

“கீர்த்தனை.”

“இவ்வளவு நேரம் போகுது?”

“எங்க சபையில நெறைய பாடுவாங்க.”

ஐயப்பன் வாழையிலைக் கட்டோடு திரும்பி வரும்போது பச்சைக் கோடு முடிந்திருந்தது. அவன் டிஸ்க்கைப் பிடுங்கினான், வீட்டில் மனைவி சுஜா வைக்கும் பூஜைக்காகப் பட்டுத் துணியில் சுற்றினான். மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.

நவமியன்று காலை பாறசாலையில் ரத்னாபாய் மீன் அரிந்துகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

“ரத்னக்கா.”

கத்தியைக் கீழே வைத்தாள். வருடக்கணக்கில் கேட்காத விளி அது. ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

“தாணுலிங்கம் அண்ணாச்சிக்க அம்மை போயிட்டாங்க. விடியக்காலம். போஸ்டர் வேணுமாம். அவரு அப்பாவுக்கு நம்ம போட்டோமில்லியா, அதே மாதிரி.”

தாணுலிங்கம் சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். காலண்டர், பை, பில் புத்தகம், குடும்பத்தின் அத்தனை கல்யாணமும் இந்த பிரஸ்ஸில்தான்.

“அது டிஸ்க்குலல்லா இருக்கு?”

“டிஸ்க் பூஜையில இருக்கு. தொட்டா சுஜா வீட்ட விட்டே எறங்கிருவா. அவளுக்க அம்மை வேற வந்து முன்னால உக்காந்திருக்கு. நாளைக்குத்தான் எடுக்க முடியும்.”

“சாவு நாளைக்கு வரைக்கும் நிக்காதே.”

“அதான் அக்கா. திவ்யா ஃபோன்ல ஏதோ ஒரு போஸ்டர் ஆப்ல அடிச்சு அனுப்பினா. ‘கொ’ எல்லாம் ரெண்டு துண்டாக் கெடக்கு. அண்ணாச்சி அதப் பாத்துட்டு, ஹரிகுமார்கிட்டப் போகவாங்கறாரு. நீங்க ஒரு வழி சொல்லுங்க.”

ரத்னாபாய் மீனைப் பார்த்தாள். சும்மா இருந்தால் போதும். தாணுலிங்கம் போவார், காலண்டர் போகும், பழி முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டிக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகும் திவ்யலட்சுமி ஃபோனோடு நிற்பாள், டிஸ்க் காலையில் வரும், சாயந்திரம் போகும். சொன்னால், அவள் எடுத்தது வெளியே வரும். அவன் அவளை அனுப்பிவிடலாம். ஆனால் இந்த ஒரு நாள் மட்டும் அவனால் அனுப்ப முடியாது.

“வாறேன்,” என்றாள். “டிஸ்க் வேண்டாம்.”

“வாங்க,” என்றான். அக்கா சேரவில்லை.

பஸ்ஸில் வந்தாள். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. தாணுலிங்கம் வாசலில், ஈர வேட்டியோடு ஃபோனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஃபோனைத் தாழ்த்தினார். “ரத்னாபாயி, அப்பாவுக்குப் போட்ட அதே பேரு, அதே வரிசை. ஒருத்தன் பேரு முன்னப் பின்ன ஆனாலும் பிணத்துக்கு முன்னால அடி நடக்கும்.”

“உங்க தம்பியாரு பேரு இருக்கட்டா? நீங்க பேச்சில்லைன்னு கேட்டேன்.”

“போடு, போடு. போடாட்டா அதுக்குன்னே வருவான்.”

உள்ளே ஐயப்பன் அவள் மேசையருகே நின்றான். அவள் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போடவில்லை.

“மொதலாளி, ஒரு காரியம் உண்டு. ஃபைல் இப்ப எங்க இருக்கோ அங்கதான் இருக்கும். இனி டிஸ்க்குக்குப் போவாது. திவ்யாவுக்க கம்ப்யூட்டருக்கும் போவாது.”

“எங்க இருக்கு?”

“சம்மதம்னு சொல்லுங்க, காட்டுகேன்.”

வாசலில் தாணுலிங்கம் யாருக்கோ தைக்காட்டு மயானத்துக்குப் போகிற நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயப்பன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

“சம்மதம்.”

சந்தனம் காய்ந்து உதிரும் மானிட்டரைப் போட்டாள். டி-யைத் திறந்து ஃபோல்டரைத் தட்டினாள். உடனே திறக்கவில்லை. நடுவில் ஒரு கட்டம் வந்து நின்றது. இந்த மெஷின் இடம் மாறியிருக்கிறது. நகர்த்தினாயா, நகலெடுத்தாயா? இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான்.

ரத்னாபாய் எதிர்பார்க்காதது இது. ஐயப்பன் குனிந்து அந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்தான். அவன் மூச்சு அவள் காதில் பட்டது.

“கேக்குதில்ல. சொல்லுங்க, ரத்னாபாய்.”

அவள் ‘நகலெடுத்தேன்’ என்பதைத் தட்டினாள். கட்டம் மறைந்தது. பழைய விண்டோஸ் தன் பச்சைப் புல்வெளியோடு எழுந்து வந்தது.

“களவுக்கு உங்க ஊர்ல இதுதான் பேரா?”

“காப்பின்னு அதுவே எழுதி வச்சிருக்குல்லா. வாசிச்சீங்களே.”

“ஹரிகுமாருக்கும் ஒண்ணு குடுத்தாச்சா?”

“அவனுக்குக் குடுக்கணும்னா இப்ப நான் எதுக்கு இங்க வாறேன்? மீனை அரிஞ்சபடியே போட்டுட்டு வந்திருக்கேன்.”

அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். “அடிங்க. சந்தனம் வச்ச மெஷின நவமியன்னைக்கு நானும் திவ்யாவும் தொடக்கூடாது. நீங்க வேதக்காரி, சபைக்குப் போறவங்க, உங்களுக்குத் தோஷமில்ல.”

“ஆமா. தோஷத்துக்கு நான். அது கழிஞ்சா திவ்யா.”

தாணுலிங்கத்தின் அப்பா திரையில் வந்தார். அவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அம்மையை வைத்தாள். பெயர்களை ஒவ்வொன்றாகத் தாணுலிங்கத்துக்குப் படித்துக் காட்டினாள். அவர் புதிதாகப் பிறந்த ஒரு பேரனைச் சேர்க்கச் சொன்னார். ஓடிப்போன மருமகள் ஒருத்தியை எடுக்கச் சொன்னார், பிறகு வேண்டாமென்றார். அடித்து முடித்துப் பென் டிரைவில் கொடுத்தாள். பூஜையிலிருந்த பிரிண்டரைத் தொடாமல், பிரிண்ட் வேறு கடையில் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது தாணுலிங்கம் ஐயப்பனின் தோளைத் தட்டினார். ரத்னாபாயைப் பார்க்கவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

விஜயதசமி காலையில் ஐயப்பன் வீட்டில் பூஜை எடுத்தார்கள். நடந்ததை அனூப்தான் பின்னர் ரத்னாபாயிடம் சொன்னான், கையால் வாயை மூடிக்கொண்டு. பட்டுத் துணியைப் பிரித்தால் உள்ளே ஈரம். அஷ்டமியன்று மாமியார் பக்தியில் மூக்குவைத்த கிண்டிச் செம்பிலிருந்து தீர்த்தம் தெளித்திருக்கிறார். அது போதாதென்று சுஜா பன்னீர் தெளித்திருக்கிறாள். கேபிள் செருகும் ஓட்டையில் சந்தனம் கட்டியாக உறைந்திருந்தது. ஐயப்பன் ஊசியால் கிளறிவிட்டுச் செருகினான். உள்ளே பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அனூப்பிடம் கொண்டு வந்தான். அனூப் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சாமி எடுத்துக்கொண்டது என்றான்.

ஆக, தொழில் முழுவதும் இப்போது டி-யில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த நாள் ரத்னாபாய் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். கால் எதிலும் இடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் மேசைமேல் இருந்தன. மூன்றின் கேபிள்களும் ஒரு கட்டாகத் தரையில் ஓடி, கேபினின் பிளைவுட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைக்குள் நுழைந்தன. ஓட்டையின் கீழே மரத்தூள் கிடந்தது. அனூப் டிரில்லைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

“இந்த நீளத்துக்குக் கேபிள் கெடைக்க ஊரு முழுக்கச் சுத்தினேன் சேச்சி.”

கண்ணாடிக்கு அப்பால் ஐயப்பன் உட்கார்ந்திருந்தான். காலடியில் அவளுடைய பெட்டி.

“நான் வாக்கு மாறல,” என்றான். “ஃபைல் டி-யிலதான் இருக்கு. திவ்யா மேசைக்கும் போகல.”

“பெட்டி?”

“பெட்டியப் பத்திப் பேசவேயில்லியே.”

ரத்னாபாய் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். பேசவில்லை.

“ஆஃப் ஆயிட்டா?”

“தட்டுங்க. நான் போட்டுத் தருவேன்.”

அனூப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். “சார், ஒரே காப்பியா இருக்கறது ஆபத்து. டி போச்சுன்னா எல்லாம் போச்சு. இன்னொண்ணு எடுத்து வச்சிருவோம். எங்க வைக்கட்டும்?”

ஐயப்பன் கண்ணாடி வழியே ரத்னாபாயைப் பார்த்தான். ரத்னாபாய் ஐயப்பனைப் பார்த்தாள். திவ்யலட்சுமி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். அனூப் இன்னொரு தடவை கேட்டான். மூவரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், அவன் போய்விட்டான்.

இப்போது ஐயப்பன் வராமல் ரத்னாபாயால் தொடங்க முடியாது. அவள் முடிக்காமல் அவனாலும் பூட்டிவிட்டுப் போக முடியாது. பாதி வேலையில் அணைத்தால் போனது போனதுதான். அதையும் அவன்தான் அனூப்பிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டான். அன்று மாலை கேபின் கதவைத் திறந்து, சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“முடிஞ்சா ரத்னாபாய்? சுஜா காத்திட்டிருக்கா. கோயிலுக்குப் போகணும்.”

அவள் ஒரு சபை நோட்டீஸை முடித்திருந்தாள். அதைச் சேமித்தாள். வண்டிக்கு நேரமாகியிருந்தது, அடுத்த வண்டியில் உட்கார இடம் கிடைக்காது, பாறசாலைவரை நின்றுகொண்டேதான் போக வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துக் கீபோர்டின் மேல் விட்டுக்கொண்டு, புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

“இல்ல மொதலாளி,” என்றாள். “இன்னும் கொறச்சு உண்டு. இருங்க.”